பழைய காரின் டேஷ்போர்டு விளக்கை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

மீட்டர் போர்டைக் கழற்றுவது இந்த வேலையின் ஆறாவது படி. என்னிடம் சந்தேகம் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் அதை முதல் படியாகச் செய்துவிட்டு, பாதியில் நிறுத்தி வந்தவர்கள்தான். கும்பகோணத்தில் இருக்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாருதி 800இன் மீட்டர் போர்டைப் பிரித்தார். இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்தார். பல்புகள் எல்லாம் நன்றாகவே இருந்தன, போயிருந்தது ஃபியூஸ். அதை மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

இங்கே சொல்வது கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசடர், பத்மினி போன்ற 12 வோல்ட் வண்டிகளுக்கு. ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். அதற்குத் தனி முறை உண்டு.

1. எந்த விளக்கு எரியவில்லை என்று முதலில் பாருங்கள்

டேஷ்போர்டில் இரண்டு வகை விளக்குகள் உண்டு. மீட்டர் முகப்பை வெளிச்சமாக்கும் விளக்குகள் பார்க்கிங் விளக்கோடு சேர்ந்து எரிபவை. ஆயில், பேட்டரி போன்ற எச்சரிக்கை விளக்குகள் சாவியைத் திருப்பினால் எரிபவை. இரண்டுக்கும் மின்சாரம் வரும் வழி வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் தேடினால், மதகு மூடியிருப்பது தெரியாமல் வயலில் இறங்கி வாய்க்கால் வெட்டிய கதைதான்.

இருட்டியபின் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, பார்க்கிங் விளக்கைப் போட்டு, ஒரு முறை வண்டியைச் சுற்றி வாருங்கள்.

முன்னால் பார்க்கிங் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் மீட்டர் வெளிச்சமும் மொத்தமாக இல்லையென்றால், கோளாறு ஃபியூஸிலோ சுவிட்சிலோ இருக்கிறது. மீட்டர் போர்டைத் தொடவே தேவையில்லை.

வெளி விளக்குகள் எரிந்து மீட்டர் மட்டும் மொத்தமாக இருட்டாக இருந்தால், வெளிச்சத்தைக் குறைக்கும் திருகி, மீட்டருக்குப் போகும் கப்ளர் (வயர்களைச் சேர்த்துச் சொருகும் பிளக்), எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பல்புகள் எல்லாம் ஒரே நாளில் போவது அரிது. ஆனால் ஒன்றொன்றாகப் போனதை நாம் கவனிக்காமல் ஓட்டி, கடைசிப் பல்பு போன அன்றுதான் கண் விழிப்பதும் நடக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால் பல்பு. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் மினுக்கினால் ஹோல்டர் தளர்ந்திருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போதோ இன்டிகேட்டர் போடும்போதோ மீட்டர் வெளிச்சம் கூடிக் குறைந்தால் எர்த் கெட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். போக வழியில்லாத மின்சாரம் வேறொரு விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்குகள் ஒன்றோடொன்று ஆடுகின்றன.

பார்த்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்டபின் நினைவு ஏமாற்றும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் திருப்புளி நீளமானது ஒன்று, கட்டையானது ஒன்று. பேட்டரி டெர்மினலுக்குப் பெரும்பாலும் 10ஆம் எண் ஸ்பேனர். மல்ட்டிமீட்டர், விலை குறைந்தது போதும். பென்சில் அழிப்பான், மெல்லிய உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், ஒரு பழைய துண்டு, முட்டை அட்டை. ஃபியூஸ் இரண்டு உபரியாக.

வீட்டுக்கு மின்வேலை பார்க்கும் டெஸ்டர் திருப்புளி இங்கே உதவாது. 12 வோல்ட்டில் அது எரியாது. அது எரியவில்லை என்பதை வைத்து ‘மின்சாரமே வரவில்லை’ என்று முடிவு செய்து வயரை வெட்டியவரையும் பார்த்திருக்கிறேன். மல்ட்டிமீட்டர் இல்லையென்றால் ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து, ஒன்றின் முனையில் முதலைக் கிளிப் மாட்டினால் அதுவே சோதனை விளக்கு.

புதுப் பல்பை முன்கூட்டி வாங்க வேண்டாம். மாருதி வகை வண்டிகளில் அடியில் உலோகம் இல்லாத, அப்படியே சொருகும் கண்ணாடிப் பல்புகள் இருக்கும். சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை டி-10 என்றும், 5 மில்லிமீட்டர் உள்ளதை டி-5 என்றும் கடையில் சொல்வார்கள். அம்பாசடரிலும் பத்மினியிலும் உலோக அடி கொண்ட சிறு பல்புகள் இருக்கும். முன்பு யாரோ ஹோல்டரை மாற்றியும் இருப்பார்கள். பழையதைக் கழற்றி, அதையே கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

டெல்டாவில் இருப்பவர்களுக்குக் காலம் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைப் பிரிக்காதீர்கள். மீட்டருக்குள் ஈரக்காற்றை வைத்து மூடினால் மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். மாசி, பங்குனி வெயில் நல்லது. அதிலும் காலை நேரம். மதியம் கொதிக்கும் காரில் பிளாஸ்டிக்கும் இளகியிருக்கும், நம் பொறுமையும் இளகியிருக்கும்.

3. ஃபியூஸ்

பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உட்புறம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று இருக்கும். பின்விளக்குக்கு உரியதுதான் பெரும்பாலும் மீட்டர் வெளிச்சத்துக்கும்.

சோதனை விளக்கின் கிளிப்பை பாடியில் வண்ணம் இல்லாத இரும்பில் மாட்டி, மறுமுனையால் ஃபியூஸின் இரண்டு பக்கத்தையும் தொடுங்கள். இரு பக்கமும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரு பக்கமும் எரியாவிட்டால் கோளாறு அதற்கு முன்னால், பெரும்பாலும் சுவிட்சில். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

தட்டையான ஃபியூஸில் நிறமே அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பத்மினியில் இருக்கும் பீங்கான் ஃபியூஸில் கணக்கு வேறு: வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பீங்கான் ஃபியூஸ் உடலில் முழுதாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் பித்தளை நாக்கில் பச்சை பூத்திருக்கும். விரலால் ஃபியூஸை இருந்த இடத்திலேயே சுழற்றினால் விளக்கு எரிவதுண்டு. எரிந்தால், நாக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சற்று இறுக்கிவிடுங்கள்.

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெரிய ஃபியூஸ் போடுவதும் அதே வகைதான். ஒரு பட்டறையில் என் வண்டிக்கு 10 இருந்த இடத்தில் 30 போட்டுக் கொடுத்தார்கள். ‘இனிமேல் போகவே போகாது’ என்றார்கள். உண்மைதான், ஃபியூஸ் போகவில்லை, வயர் உருகியது. புது ஃபியூஸ் போட்டதும் மீண்டும் போனால் எங்கோ வயர் பாடியில் தொடுகிறது என்று பொருள். அதைத்தான் தேட வேண்டும்.

4. திருகியும் சுவிட்சும்

சில வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு சக்கரமோ குமிழோ இருக்கும். வண்டி கழுவும்போது துணி பட்டு அது கடைசிவரை திரும்பியிருக்கலாம். சிரிக்காதீர்கள், இதற்காகவே இரண்டு பேர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற திருகியின் உள்ளே கம்பிச்சுருள் துரு பிடித்திருக்கும். இருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் தொடுமுனை தேய்ந்து சுத்தமாகும். திருப்பும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கோளாறு அங்கேதான்.

சுவிட்சைப் போட்ட நிலையில் மெல்ல ஆட்டுங்கள். எரிந்து அணைந்தால் அதன் உட்தொடுப்பு தேய்ந்துவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவது நல்லது.

5. எர்த்தும் எலியும்

நம் பகுதி வண்டிகளில் எனக்கு அதிகம் அகப்பட்ட கோளாறு இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று. உள்ளே திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் வயல் ஈரம். மீட்டரின் எர்த் வயர் டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ ஒரு போல்ட்டில் பாடியோடு சேரும். அந்த வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே துரு படிந்தால், பார்க்க இறுக்கமாக இருக்கும், மின்சாரம் போகாது.

மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். விளக்குகளை எரியவிட்டு, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் வளையத்திலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த அளவு வெளிச்சம் துருவிலேயே தொலைகிறது. விளக்கை எரியவிடாமல் இந்தச் சோதனையைச் செய்து ‘பூஜ்யம் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது’ என்பது புதியவர்கள் செய்யும் தவறு. மின்சாரம் ஓடாதபோது இழப்பும் தெரியாது.

போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் தகரத்தையும் பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்கக் கூடாது. உலோகத்தோடு உலோகம்தான் சேர வேண்டும். வாசலின் வெளியிலிருந்து ஈரம் புகாமல் காப்பதற்கு மட்டும்.

அடுத்தது எலி. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் தீனி போய்விடும். கீற்றுக் கொட்டகையில் நிற்கும் கார் அவற்றுக்கு மாளிகை. வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கலாம், டேஷ்போர்டுக்குள் எங்கே வைப்பது? டார்ச் அடித்து அடியில் குனிந்து பாருங்கள். நெல் உமி, கிழிந்த பஞ்சு, புழுக்கை தெரிந்தால் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடம் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அங்கே வெட்டி, முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகி ஒரே கோடையில் கழன்றுவிடும்.

6. மீட்டர் போர்டைக் கழற்றுதல்

இதுவரை எதுவும் அகப்படவில்லை, அல்லது பல்புதான் என்று உறுதியாகிவிட்டது என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸ் போய்விட்டால் அந்த வழியே இல்லை. ‘பல்புதானே’ என்று பேட்டரியை விட்டுவைத்தால், மீட்டரை இழுக்கும்போது பின்னால் ஏதாவது ஒரு முனை தகரத்தில் தொட்டு, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வரும்.

இருக்கையைப் பின்னால் தள்ளி, ஸ்டியரிங் தண்டின்மேல் துண்டை விரியுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் திருகுகள் பெரும்பாலும் மேல் விளிம்பின் உட்புறம், கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். எல்லாத் திருகும் வந்தபின்னும் சட்டம் வரவில்லையென்றால் இன்னொன்று இருக்கிறது. இழுக்காதீர்கள், தேடுங்கள். முப்பது வருட வெயில் குடித்த பிளாஸ்டிக் முறுக்குப் போல நொறுங்கும். கழற்றிய திருகுகளை வரிசைப்படி முட்டை அட்டையின் குழிகளில் போடுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் போட்டால் அது உள்ளே போய் எதையாவது குத்தும்.

சட்டம் வந்ததும் மீட்டர் போர்டின் திருகுகளை எடுத்து, ஒரு விரல் கடை மட்டும் முன்னால் இழுங்கள். அதற்குமேல் ஸ்பீடோமீட்டர் கேபிள் விடாது. பின்னால் கை விட்டுத் தடவினால் கேபிளின் முனை தட்டுப்படும். பிளாஸ்டிக் கொக்கியாக இருந்தால் அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். மரையுள்ள நட்டாக இருந்தால் கையாலேயே திருகிக் கழற்ற வேண்டும். கை போகவில்லையென்றால், என்ஜின் பக்கம் சுவரில் கேபிள் நுழையும் ரப்பர் வளையத்தருகே ஒருவரை நிற்கவைத்துக் கேபிளை மெல்ல உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம் தளர்வு கிடைத்தாலே போதும். இந்தக் கேபிளை மடக்கி இழுத்தவர்களின் ஸ்பீடோமீட்டர் முள் அதற்குப்பின் ஆடிக்கொண்டே இருக்கும்.

கப்ளர்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் இரண்டு படம் எடுங்கள். ஒரே அளவில் இரண்டு கப்ளர் இருந்தால் நகப்பூச்சால் ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு இரண்டு. வயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரின் உடலைப் பிடித்து இழுங்கள்.

7. பல்பு, ஹோல்டர், செப்புத் தாள்

மீட்டரை மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். பின்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக் கோடுகள் ஓடும்; அவைதான் வயர்கள். ஹோல்டர்களைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும்.

பல்பு எரிந்து போகாவிட்டாலும் கண்ணாடியின் உள்ளே கருத்திருந்தால் மாற்றுங்கள். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன்தான் அந்தக் கருப்பு. ஒன்று போனால் மீட்டர் வெளிச்சப் பல்புகள் அனைத்தையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம். சிக்கனம் பார்த்து ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டே மாதத்தில் அடுத்ததற்காக மீண்டும் அந்தக் கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பல்பில் அச்சிட்டுள்ள வாட்டைப் படியுங்கள். 3 வாட்டும் 5 வாட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரே ஹோல்டரில் பொருந்தும். வெளிச்சம் கூடட்டும் என்று நானும் ஒருமுறை 5 வாட் போட்டேன். திருவாரூர் போய்வந்த இரவில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. இரண்டு ஹோல்டர் இளகி, முகப்புத் தாளில் பழுப்பு வட்டம் விழுந்தது. அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

புதுப் பல்பும் எரியாமல் போவது பெரும்பாலும் ஹோல்டரின் பித்தளைக் காதுகளால். அவை செப்புக் கோட்டை அழுத்தித் தொட வேண்டும். அழிப்பானால் தேய்த்து, மிகச் சிறிதளவு வெளியே வளையுங்கள். செப்புக் கோட்டையும் அழிப்பானால்தான் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் அந்த மெல்லிய செம்பைத் தின்றுவிடும். பெட்ரோலோ தின்னரோ பக்கத்திலேயே வரக் கூடாது, பிளாஸ்டிக் கரையும்.

கோடு எங்காவது கருத்தோ விரிந்தோ இருந்தால், மல்ட்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். ஒலி வராத துண்டை மெல்லிய வயரால் பாலம் போட்டுப் பற்றவைக்கலாம். 25 வாட் பற்றுக்கோல், ஒரு தொடுகை, இரண்டு விநாடி. அதற்குமேல் வைத்தால் தாள் சுருளும். கை நடுக்கம் இருந்தால் ஊரில் ரேடியோ, டிவி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கார் பட்டறையைவிட அவர் இதை நன்றாகச் செய்வார்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் மங்கல் என்றால், பல்பு உட்காரும் கூட்டின் உள்வெள்ளை மஞ்சளித்திருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். முகப்பைத் திறக்க நேர்ந்தால் முட்களைத் தொடாதீர்கள்.

8. எல்இடி போடலாமா?

போடலாம், ஓர் இடம் தவிர. பேட்டரி எச்சரிக்கை விளக்கு வெறும் விளக்கு அல்ல. பல பழைய வண்டிகளில் அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பி சார்ஜ் செய்யவைக்கிறது. எல்இடி அந்த மின்சாரத்தைப் போதிய அளவு விடாது. விளக்கு அழகாக எரியும், பேட்டரி இறங்கும். அங்கே பழைய வகைப் பல்பே இருக்கட்டும்.

மற்ற இடங்களில் எரியாவிட்டால் திருப்பிச் சொருகுங்கள். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. இடது, வலது இன்டிகேட்டருக்கு ஒரே விளக்கு உள்ள வண்டிகளில் அது ஒரு பக்கத்துக்கு மட்டுமே எரியும். திருகியும் சரியாக வேலை செய்யாது. என்னைக் கேட்டால், இரவில் அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சமே கண்ணுக்குச் சுகம்.

9. மூடுமுன் சோதனை

கப்ளர்களை மட்டும் மாட்டி, மீட்டரைத் துண்டின்மேல் வைத்து, பேட்டரி மைனஸை இணையுங்கள். பார்க்கிங் விளக்கைப் போட்டு வெளிச்சம் பாருங்கள். சாவியைத் திருப்பினால் ஆயில், பேட்டரி விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்தால் அணைய வேண்டும். இன்டிகேட்டர் இரு பக்கம், ஹைபீம் நீலம், பெட்ரோல் முள். பேட்டரி விளக்கு எரியாமலே ஸ்டார்ட் ஆனால் மூட வேண்டாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், 12.6க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஆகவில்லை.

பெட்ரோல் முள், வெப்ப முள் இரண்டும் சேர்ந்து தவறாகக் காட்டினால் மீட்டரின் எர்த் சரியாக உட்காரவில்லை.

10. திரும்ப மாட்டுதல்

பேட்டரியை மீண்டும் கழற்றிவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளின் உட்கம்பி முனை சதுரமானது; மீட்டரின் சதுரக் குழியில் அது விழ வேண்டும். விழாமல் நட்டை முறுக்கினால் முனை மழுங்கும். கம்பியை விரலால் மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் ‘டக்’ என்று உட்காரும். திருகுகளை எல்லாம் பாதி முறுக்கியபின்தான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் எதிர்முனைத் துளை தள்ளிப்போகும்.

இருட்டியதும் தெருவிளக்கு இல்லாத ஆற்றங்கரைச் சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். முன்கண்ணாடியில் மீட்டர் வெளிச்சம் எதிரொளித்தால் மேல்சட்டம் சரியாக உட்காரவில்லை. முள் அசையாமல் கிடந்தால் கேபிள் சதுரத்தில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, மைனஸிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.